முயல்களுக்குச் சம ஊதியம்

நெய்வேலியில் ஒரு மனிதனைப் பற்றி விசாரிக்கும்போது ஊர், உறவு, குணம் எல்லாம் பிறகுதான். "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்பதுதான் முதல் கேள்வி. கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு வேலையைப் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட, செத்தவர் எந்தச் சுரங்கத்தில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டுத்தான் எந்தத் தேதியில் செத்தார் என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். எமன் வாசலில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

வடக்குத்து கொளஞ்சிநாதனுக்கு அந்த அடைப்புக்குறிக்குள் போட ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை வாரியே வாலிபத்தைக் கழித்தவர். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர் மாறும்போது சட்டையின் நிறம் மாறும், அவ்வளவுதான் அவர் கண்ட பதவி உயர்வு.

அந்தக் கோபத்தையெல்லாம் அவர் சங்கத்தில் காட்டினார். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர் கத்தினால் மைக் செட்டுக்காரன் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஊர்வலத்தில் முதல் வரிசை அவருக்கு. நியாயம் என்று வந்துவிட்டால் வீடு, வாசல் என்று பார்க்க மாட்டார். மனைவி அமிர்தம் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு யாருக்கு, வால்துண்டு யாருக்கு என்று தட்டுக்கு முன்னால் பஞ்சாயத்து நடக்கும். எல்லாரும் சமம் என்று நீண்ட விளக்கம் சொல்லி முடிப்பார். முடிக்கும்போது நடுத்துண்டு அவர் தட்டில் இருக்கும்.

தானே புயல் முந்திரித் தோப்புகளையெல்லாம் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன மறு வருஷம், புதிதாக வந்த கான்ட்ராக்டர் கோஷம் போடுகிறவர்களைக் கழித்துவிட்டு மற்றவர்களை எடுத்துக்கொண்டான். கொளஞ்சிநாதன் சில மாதம் வீட்டில் உட்கார்ந்தார். மகள் எழில்மதிக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது. அப்போதுதான், கடலூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியில் முயல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். சுரங்கத்தையே கலக்கிய மனுஷன் முயலுக்குப் புழுக்கை அள்ளப் போகலாமா என்று அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும் என்று பழமொழி இருக்கிறதே, கோழிக்குப் பதில் முயல், கும்பினிக்குப் பதில் காலேஜ் என்று சொல்லிவிட்டு அவர் டிவிஎஸ் வண்டியை மிதித்தார்.

வேலை, வழக்கம்போல, கான்ட்ராக்ட்தான். ஆனால் ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் அடுத்த கட்டத்துக்குப் பெரிய தொகை வரும், அப்போது உன்னைப் பர்மனென்ட் ஆக்கிவிடலாம் என்று பேராசிரியர் கருணாகரன் வாயால் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகக் கொளஞ்சிநாதன் முயலுக்கு மட்டுமல்ல, முதலைக்கும் தீனி போட்டிருப்பார்.

கருணாகரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் இங்கிலீஷ் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி. அவருடைய ஆராய்ச்சி கேட்பதற்கு எளிமையானது. நல்ல ஆராய்ச்சிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். கொழுப்பு அதிகம் தின்றால் ரத்தக்குழாயின் உள்சுவர் தடிக்கும். மனிதனுக்கு மாரடைப்பு வருகிற வழி அது. முன்பெல்லாம் முயலுக்குக் கொழுப்புத் தீனி போட்டு, பிறகு அதை அறுத்துத்தான் ரத்தக்குழாயைப் பார்ப்பார்கள். ஒரு முயலை ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். அதற்குப் பதிலாக, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற மாதிரி முயல் வயிற்றில் ஸ்கேன் எடுத்தால், அறுக்காமல், அதே முயலை மாதாமாதம் பார்த்துக்கொண்டே வரலாம். சாதாரணத் தீனி தின்கிற முயல்கள் ஒரு பக்கம், கொழுப்புத் தீனி தின்கிற முயல்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேன் காட்டிக் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

அதற்காகவே புது ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியது. நம் ஆட்கள் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் உடைந்த சத்தத்தில் முயல்கள் இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. விஞ்ஞானம் அப்படித்தான் அங்கே தொடங்கியது.

மெஷினை இயக்க அன்புக்கரசி வந்தாள். சேத்தியாத்தோப்புக்காரி. டவுன்ஷிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் நல்ல பெயரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயரும் வரும் என்று சொல்லி அழைத்து வந்தவர் கருணாகரன். அவளும் கான்ட்ராக்ட்தான். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள்.

கொளஞ்சிநாதனிடம் கருணாகரன் இரண்டு டின்னைக் காட்டினார். மஞ்சள் டின் தீனி இடது பக்கக் கூண்டுகளுக்கு, சிவப்பு டின் தீனி வலது பக்கக் கூண்டுகளுக்கு. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முயல் பார்க்கிறவனுக்கு ஆராய்ச்சியை விளக்குவது விழலுக்கு இறைத்த நீர் என்பது அவர் எண்ணம். வாரம் ஒருமுறை கூண்டு அறைக்குள் வந்து பார்க்க வேண்டியவர், மூத்திர நாற்றம் தாங்காமல் வாசலிலேயே நின்று, கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு "எல்லாம் சரியா போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொளஞ்சிநாதன் கணக்குப்படி.

மஞ்சள் டின்னில் இருந்தது வறட்டுத் தீனி. தவிடும் புல்லும் அழுத்திச் செய்த குச்சி. சிவப்பு டின்னில் அதே குச்சி, ஆனால் கொழுப்புத்தூள் கலந்து, தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பளபளவென்று இருந்தது. திறந்தால் கமகமவென்று வாசனை. கொளஞ்சிநாதன் இரண்டையும் பார்த்தார். ஒரே அறை, ஒரே மாதிரிக் கூண்டு. ஒரே மேஜையில் படுக்க வைத்து ஒரே மெஷினால் வயிற்றைத் தேய்க்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு எண்ணெய்ச் சோறு, இன்னொரு பக்கத்துக்கு வறட்டுச் சோறு. அவருக்குப் பழைய ரத்தம் கொதித்தது. வலது பக்கம் பர்மனென்ட், இடது பக்கம் கான்ட்ராக்ட் என்று அவர் புரிந்துகொண்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? அவர் பிறந்து வளர்ந்த ஊரில் ஒரே வேலை செய்கிற இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விதமான சாப்பாடு இருந்தால் அதற்கு அந்த ஒரு அர்த்தம்தான்.

லேபர் கோர்ட்டுக்குப் போனால் ஆயுசு முடிந்துவிடும் என்பது அவர் அனுபவம். அதனால் வழக்கை அங்கேயே முடித்தார். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் இரண்டு டின் தீனியையும் கொட்டி, சித்திரான்னம் கிளறுவது போலக் கிளறி, இரண்டு பக்கத்துக்கும் சரிசமமாகப் போட்டார். இடது பக்க முயல்கள் முண்டியடித்துக்கொண்டு தின்றதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் அவர் ஜெயித்த முதல் போராட்டம் அது. எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் ஜெயித்ததுதான் அதிலுள்ள ஒரே குறை.

ஸ்கேன் நாளில் முயலைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். துண்டால் கண்ணை மூடி மடியில் சாய்த்து வைத்திருப்பார். அன்புக்கரசி வயிற்று முடியை மழித்து, ஜெல்லைத் தடவி, கருவியை மெல்ல வைத்து நகர்த்துவாள். திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ மேகம் மாதிரி ஓடும். திடீரென்று இரண்டு வெள்ளைக் கோடுகள் துடிக்கும். "அதான் அண்ணே ரத்தக்குழாய்" என்பாள். அந்தக் கோட்டின் தடிமன் முடி அளவுகூட இருக்காது. முயல் மூச்சு விட்டாலே அளவு தப்பும். அவள் மூன்று முறை அளப்பாள், திருப்தி இல்லாவிட்டால் மறுபடி அளப்பாள். முயல் மிரளாமல் இருக்கக் கொளஞ்சிநாதன் அதன் காதருகே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். தாலாட்டு என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டால், பழைய ஊர்வல கோஷங்களை அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த அறையில் அபூர்வமாகக் கேட்ட நல்ல சத்தம். அன்றைக்கே, "வாங்க அண்ணே, உங்களையும் பாத்துடலாம்" என்று அவர் கழுத்தில் ஜெல் தடவிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் கொஞ்சம் மாறியது. உள்சுவர் தடித்திருக்கிறது, போண்டாவைக் குறையுங்கள், டாக்டரைப் பாருங்கள் என்றாள். அவர் போகவில்லை. மறுவாரம் அவளே விடாப்பிடியாக அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் அமிர்தத்திடம், ஆராய்ச்சி மெஷினில் தன்னையும் வைத்துப் பார்த்தார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டார். மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை.

மாதங்கள் ஓடின. பணம் கொடுத்த இடத்திலிருந்து மூன்று பேர் கொண்ட கமிட்டி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. கருணாகரன் அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு வரைபடம் எடுத்தார். இரண்டு கோடுகள் பிரிந்து போக வேண்டும். ஒன்று தரையோடு கிடக்க வேண்டும், ஒன்று மேலே ஏற வேண்டும். ஆனால் இரண்டும் புதுப் புருஷன் பெண்டாட்டி மாதிரி கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே ஏறின. எல்லா முயலுக்கும் ரத்தக்குழாய் தடித்திருந்தது, சமமாக. ரத்தம் எடுத்துப் பரிசோதித்திருந்தால் முதல் மாதமே குட்டு உடைந்திருக்கும். ஊசி குத்தாமல் பார்ப்பதே நம் ஆராய்ச்சியின் பெருமை என்று சொல்லி அந்தச் செலவை மிச்சம் பிடித்தவரும் அவரேதான்.

கருணாகரன் முதல்முறையாகக் கர்ச்சீப் இல்லாமல் கூண்டு அறைக்குள் ஓடி வந்தார். கொளஞ்சிநாதன் டப்பில் தீனியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளா நடக்குது, கொளஞ்சி?"

"ஆரம்பத்துலேர்ந்தே போட்டுகினு வர்றங்க சார். எல்லாம் ஒரே வேலைதான செய்யுதுங்க. ஒண்ணுக்கு எண்ணெ, ஒண்ணுக்கு வறட்டுத் தீனின்னா அது இன்னா நாயங்க?" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து.

கருணாகரன் தீனி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான், அந்தத் தாமதமான நேரத்தில், ஆராய்ச்சி என்றால் என்ன, இரண்டு டின் ஏன் என்பதை முயல் பார்க்கிறவனுக்கு விளக்கினார். கேட்கக் கேட்கக் கொளஞ்சிநாதனின் கை டப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, தான் நியாயம் என்று நினைத்துப் பிடித்தது எதுவாக முடிந்திருக்கிறது என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. போய்க் கமிட்டியிடம் சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது என்றார். அதை அந்த நேரத்தில் அவர் மனசாரத்தான் சொன்னார், அந்தப் பெருமையை அவரிடமிருந்து நான் பறிக்க மாட்டேன்.

கருணாகரன் கதவைச் சாத்தினார்.

"தீனியில தப்புன்னா, மேற்பார்வை நான். பணம் மொத்தமும் நின்னுடும். நானும் போவேன், நீயும் போவ. அளந்ததுல தப்புன்னா வேற ஆளை வெச்சு மறுபடி அளந்துக்கலாம், பணமும் வரும். உன் பர்மனென்ட் ஃபைல் கரஸ்பாண்டென்ட் டேபிள்ல இருக்கு. நாளைக்கு உன்னைக் கேட்டாங்கன்னா, சொன்னபடிதான் போட்டேன்னு சொல்லு. அது போதும்."

"அப்ப அந்தப் பொண்ணு, சார்?"

"அவங்களுக்கு ஆயிரம் ஸ்கேன் சென்டர் இருக்கு."

அன்று சாயங்காலம் கொளஞ்சிநாதன் நேராக வீட்டுக்குப் போகவில்லை. மெயின் பஜாரில் வண்டியை நிறுத்திவிட்டு, அன்புக்கரசி குறைக்கச் சொன்ன போண்டாவைத் தின்றுகொண்டே மனசுக்குள் ஒரு கூட்டம் போட்டார். தலைவர் அவர், பேச்சாளர் அவர், கை தூக்குகிறவரும் அவர். குறிஞ்சிப்பாடிக்காரர்கள் போன வாரம்தான் பத்திரிகையில் என்ன போடுவது என்று கேட்டிருந்தார்கள். அன்புக்கரசி படித்தவள், கையில் தொழில் இருக்கிறது, வயசு இருக்கிறது. தனக்கு இந்த வயசில் யார் வேலை கொடுப்பார்கள்? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் கமிட்டி வந்தது. மாலை, சால்வை, முந்திரிப் பகோடா எல்லாம் முடிந்து வரைபடத்துக்கு வந்தார்கள். மூவரில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், இரண்டு கோடும் ஏன் சேர்ந்தே போகிறது என்று கேட்டார். அளந்தவரின் அனுபவக் குறைவாக இருக்கலாம் என்று கருணாகரன் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். வருத்தத்தை அவர் நன்றாகவே காட்டினார். மெஷின் பக்கத்தில் நின்ற அன்புக்கரசி, அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஒவ்வொரு முயலையும் மூன்று முறைக்குக் குறையாமல் அளந்திருக்கிறேன், படங்கள் எல்லாம் மெஷினிலேயே இருக்கின்றன, தடிப்பு இருக்கிறது, அதனால் தீனியை விசாரியுங்கள் என்றாள். சொல்லிவிட்டுக் கொளஞ்சிநாதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. வீட்டு மனுஷனைப் பார்க்கிற பார்வை அது.

மீசைக்காரர் திரும்பி, தீனி சொன்னபடி போடப்பட்டதா என்று கேட்டார்.

கொளஞ்சிநாதன் ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. மைக் வேண்டாத அந்தத் தொண்டையிடம், சத்தமாகச் சொல்லுங்கள் என்று மீசைக்காரர் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

"சொன்னபடியேதாங்க போட்டேன்."

அதோடு முடிந்தது. மீசைக்காரருக்கும் மூன்று மணிக்கு ரயில் இருந்தது. புதிதாக ஒருவரை வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பகோடாப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். காலேஜில் அன்புக்கரசியை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அவள் பழைய ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கேட்டாள். அளக்கத் தெரியாமல் ஆராய்ச்சியையே கெடுத்தவள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. டவுன்ஷிப்பில் பஸ் தாமதமாக வரும், புரளி தாமதிக்காது. இன்னொரு சென்டரிலும் அதே பதில். ஆயிரம் சென்டர் என்று கருணாகரன் சொன்ன கணக்கு இரண்டிலேயே தீர்ந்துவிட்டது.

கொளஞ்சிநாதனுக்கு ஆர்டர் வந்தது. கருணாகரன் வாக்குத் தவறாதவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புது முயல்கள் வந்தன, புது ஸ்கேன்காரர் வந்தார். இந்த முறை மஞ்சள் டின் இடது பக்கம், சிவப்பு டின் வலது பக்கம் என்று ஒரு குச்சிகூட மாறாமல் தீனி போடப்பட்டது. இடது பக்க முயல்கள் சிவப்பு டின் வாசனைக்குக் கம்பியைப் பிறாண்டினால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு புழுக்கை வாரப் போய்விடுவார். எழில்மதியின் பத்திரிகை அச்சாகி வந்தது. அமிர்தம் அப்பா பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறியை மூன்று பேருக்கு விரல் வைத்துக் காட்டினாள். அவர் அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, சாமி படத்தின் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார்.

சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்புவதற்கு முந்தின நாள், அன்புக்கரசி காலேஜுக்கு வந்தாள். அவசரத்தில் விட்டுப்போன குடையும் வெள்ளைக் கோட்டும் கூண்டு அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. எப்போதும்போல "நல்லா இருக்கீங்களா அண்ணே? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"கடைசி ஸ்கேன் அன்னிக்கே எனக்குத் தெரியும் அண்ணே. இடது பக்கத்து முயல் வாயில தேங்கா எண்ணெ வாசன அடிச்சுது. நான் சொன்னா உங்க வேலைதான் போவும். அன்னிக்கு தீனிய விசாரிங்கன்னு சொன்னேனே தவிர, ஒங்க பேர சொல்லல. ஒங்க வாயால நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

கொளஞ்சிநாதன், மன்னிச்சிடும்மா என்று சொல்லியிருக்கலாம். இப்போதாவது வா, கரஸ்பாண்டென்டிடம் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் அழுதிருந்தாலும் அவரைப் பற்றி நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். பத்திரிகைக் கட்டு வீட்டில் இருந்தது, முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. நாக்கு தானாகப் புரண்டது.

"ஒனக்கு இன்னாம்மா, நீ கான்ட்ராக்ட்தான. இங்க இல்லன்னா இன்னோர் எடம்."

சொன்னது எந்த அதிகாரியும் இல்லை, எந்தக் கான்ட்ராக்டரும் இல்லை, வடக்குத்து கொளஞ்சிநாதன்தான். அன்புக்கரசி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், திரையில் கோடு தேடுகிற மாதிரி. பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.